ரிலீவர் அண்ணனும் சிவப்பு வயரும்

பிள்ளையை வாங்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? வாங்கின கையால் கொடுக்கவேண்டியதுதான். எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் அண்ணன் அப்படிக் கொடுக்கமாட்டார். என் மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போவார். வேப்பமரத்துக் காக்காயையும் தெருவில் போகிற கம்பெனி பஸ்ஸையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார். வாசலில் நின்று, "தும்மிகினு இருந்துச்சு தங்கச்சி, சளி இல்ல, சாம்பல் தூசிதான். இடது கால்ல கொசு கடிச்சிருக்கு. ஒரு வளையல் லூசா இருந்துச்சு, கழட்டி இந்தப் பையில போட்டிருக்கேன்" என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் பிள்ளையை நீட்டுவார்.

நீட்டிய பிறகும் போகமாட்டார். அங்கேயே நிற்பார். நான் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்த மனுஷன் காப்பிக்குத்தான் நிற்கிறார் போல என்று அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன். காப்பியையும் குடித்துவிட்டு, டம்ளர் விளிம்பில் சின்ன நெளிவு இருக்கிறது, பிள்ளை வாயைக் கிழித்துவிடும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நிற்பார். என் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "சரிண்ணே, நீங்க கெளம்புங்க" என்று சொல்லவேண்டுமாம். அதைச் சொல்லிவிட்டால் போய்விடுவார்.

சுரங்கத்து வழக்கம் அது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், எதிரே வந்து நிற்கவேண்டும். மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே சேறு அடைக்கிறது, எதைக் கழற்றி வைத்திருக்கிறது என்று அவரிடம் சொல்லி ஒப்படைக்கவேண்டும். அவர் "சரி, நீங்க கெளம்புங்க" என்ற பிறகுதான் இவர் இடத்தை விட்டு நகரலாம். வேலைக்குப் போகிற எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் அதைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அண்ணன் வீடுவரைக்கும் கொண்டுவந்துவிட்டார். பிளாக்கில் அவருக்கு ரிலீவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கல்யாணப் பந்தியில் அவர் பரிமாறுகிற அழகைப் பார்க்கவேண்டும். சாம்பார் வாளியை அடுத்த ஆளிடம் கொடுக்குமுன், அந்தக் கோடிப் பெரியவருக்குக் காரம் ஆகாது, இந்தப் பக்கத்துப் பையன் கத்தரிக்காயை ஒதுக்குகிறான், வாளியின் பிடி வழுக்குகிறது என்று ஒரு பாட்டம் சொல்வார். அதற்குள் இலையில் சோறு ஆறிவிடும். தைப்பூசத்துக்கு வடலூர் போகிற பஸ்ஸில் இடம் விட்டுக் கொடுத்தால்கூட, "ஜன்னல் கம்பி சுடும், சாஞ்சிடாதீங்க. சீட்டுக்கடியில யாரோ வெச்ச பலாப்பழம் இருக்கு" என்று சொல்லிக் கொடுப்பார். அவர் சம்சாரத்தை நான் மதினி என்று கூப்பிடுவேன். அந்த மதினி தலையில் அடித்துக்கொள்வாள். "எங்கிட்ட வூட்டை ஒப்படைச்சுட்டுத்தான் இந்த மனுஷன் கொல்லைக்கே போவாரு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் அடக்கிகினு நிப்பாரு" என்பாள்.

முதலில் எங்கள் தெற்கத்திப் பழக்கத்தில் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். "எனக்கு எங்கம்மா மளிகைக் கடை இருக்கு?" என்று சிரித்துவிட்டார். அப்புறம் அண்ணன் ஆனார். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு பேசியிருக்கமாட்டான்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் அண்ணனைச் சொல்லமுடியாது. இவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே இட்லி சாப்பிட்டார், இடது கையால். எங்கள் வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். நான்தான் கதவோரத்திலிருந்து, துண்டை எடுங்க, பார்த்துக்கிறேன் என்றேன். எடுத்தார். பார்த்தேன். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அப்படித்தான் எங்கள் கல்யாணம் முடிந்தது.

சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் கொண்டுபோகிற பெல்ட்டில் போன விரல்கள் அவை. பெல்ட் சுற்றுகிற உருளைக்குப் பக்கத்தில் கை படாமல் இருக்க ஓர் இரும்பு வலை மூடி இருக்கும். கார்டு என்பார்கள். சேறு எடுப்பதற்காக முந்தின ஷிப்டில் அதைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டவில்லை. இவர் வழக்கம்போல மூடி இருக்கிற நினைப்பில் கை வைத்துவிட்டார். அந்த முந்தின ஷிப்ட் ஆள் வேறு யாருமில்லை, நம் அண்ணன்தான். என்குயரியில், கார்டு கழற்றியிருக்கிறதென்று அவர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டதற்கு, "சொன்னார் சார், நான்தான் மறந்துட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார். விசாரணை அதோடு முடிந்தது. இவருக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள்.

எனக்குத் தெரிந்த கதை அதுதான். அதனால் வீட்டில் சண்டை வந்தால் என் கையில் அது ஓர் ஆயுதம். உப்பு வாங்க மறந்தாலும் சரி, "சொன்னதைக் காதுல வாங்குற மனுஷனா இருந்தா விரல் இருந்திருக்குமே" என்பேன். இவர் எழுந்து வெளியே போய்விடுவார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பேசுகிறது அண்ணனுக்குக் கேட்டிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

விரல் போன பிறகு இவருக்கு ஒரே ஒரு பெருமைதான் மிச்சம், பிளாக் மன்றத்தின் செயலாளர் பதவி. அந்த மன்றத்துக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் உண்டு. யாரோ ரேடியோ மெக்கானிக் சாமான் வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. பொங்கல் விழா, வளைகாப்பு, இரங்கல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் பாடும், பேசும், அழும். அது எங்கள் வீட்டு மர பீரோவில் இருந்தது. சாவி இவர் அரைஞாணில். தன்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்று கூட்டத்தில் எழுந்து சட்டம் போட்டார். பின் தெருவில் முன்னாள் செயலாளர் ஒருவர் இருந்தார், கொஞ்சம் ரேடியோ வேலை தெரிந்தவர். மைக் ஒயரை ஒருமுறை அவர் திருகிப் பார்த்ததற்கு, எல்லோர் எதிரிலும் இவர் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அந்த மனுஷன் அதை மறக்கவே இல்லை.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் உர் என்று உறும ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற கண்டென்சர் என்ற சின்னச் சாமானை மாற்றினால் போதும் என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரி, மெக்கானிக்கிடம் கொடுக்கவேண்டியதுதானே? கொடுத்தால் செயலாளரின் கௌரவம் என்னாவது! வாளி ஓட்டை அடைக்கிறவர்கள் வைத்திருக்கும் தடித்த சால்டரிங் அயர்ன் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். கரண்டில் சூடாகிற ஜாதி இல்லை, அடுப்பில் செருகிச் சுட வைப்பது. எங்கள் ஊரில் அடுப்புக் கரிக்குப் பஞ்சமா? காலையிலிருந்து கணகணவென்று எரிகிற நிலக்கரி அடுப்பில், நான் சாம்பார் கொதிக்க வைத்திருந்த பக்கத்திலேயே அதைச் செருகி, செக்கச் சிவக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனார். இந்த அடுப்பை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காரியம் செய்ய எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளே ஒரு பழுப்பு நிறப் பலகை. மேல்பக்கம் சாமான்கள் நிற்கும். அடிப்பக்கம் செம்பில் கோடு கோடாக ஒட்டியிருக்கும். அந்தக் கோடுகள் வழியாகத்தான் கரண்ட் ஒரு சாமானிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். டிராக் என்று பெயர். இவர் அந்தத் தடியனை வைத்து அழுத்தினதும் பலகை கருகி, செம்புக் கோடுகள் பாலாடை மாதிரி சுருண்டு அயர்னோடு வந்துவிட்டன. வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். நான் சாம்பார் அடிப்பிடித்துவிட்டதென்று அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இவர் தரையில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் வழக்கமான ஆயுதத்தை எடுக்க அன்று எனக்கு மனசு வரவில்லை.

அண்ணனைக் கூப்பிடுகிறேன் என்றேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு, யாருக்கும் தெரியாமல் இருக்குமென்றால் கூப்பிடு என்றார். விஷயம் வெளியே தெரிந்தால் பின் தெருக்காரர் விடமாட்டார், செயலாளர் பதவி போகும், அது போனால் போகட்டும்; கை இல்லாதவன் எதற்கு அதில் கை வைத்தான் என்று ஒரு வாய் கேட்டுவிட்டால் இவர் தாங்கமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் தன் தகர டப்பாவோடு வந்தார். பென்சில் மாதிரி மெல்லிய சால்டரிங் அயர்ன், ஈயம், பிளேடு, பழைய பல் தேய்க்கிற பிரஷ், டெலிபோன் கேபிளிலிருந்து பிரித்த பல வண்ண வயர்த் துண்டுகள். வேலை முழுவதும் சத்தமில்லாமல்தான் நடந்தது. எதிர் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒருத்தர் தூங்கினால் எங்கள் பிளாக்கில் பட்டப்பகலில் குழந்தைகூட மெதுவாகத்தான் அழும்.

யார் கெடுத்தது, எப்படிக் கெட்டது என்று அண்ணன் கேட்கவில்லை. பலகையைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருகலைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுத்தார். கரி இருந்தால் அதன் வழியாகவும் கரண்ட் ஓடுமாம். அறுந்த கோட்டின் இரண்டு முனையையும் செம்பு பளிச்சென்று தெரிகிற வரைக்கும் சுரண்டினார். பிரஷ்ஷால் துடைத்தார். முனைகளில் துளி ஈயம் வைத்தார். அயர்னை வைத்ததும் எடுத்தார், வைத்ததும் எடுத்தார். அதிக நேரம் வைத்தால் மிச்சக் கோடும் உரிந்துவிடும் என்று இவரிடம் சொல்லிக்கொண்டே செய்தார். சின்ன இடைவெளிக்கு ஒற்றைச் செம்பு இழையைப் படுக்க வைத்து ஈயத்தால் மூடினார். கோடே இல்லாமல் போன மூன்று நாலு இடங்களில், ஒரு சாமானின் காலிலிருந்து அடுத்த சாமானின் கால்வரைக்கும் தனித்தனியாக வயர் இழுக்கவேண்டும் என்றார். அதற்குச் சிவப்பு வயரை எடுத்தார்.

எனக்குத் திக்கென்றது. பழுப்புப் பலகையில் சிவப்பு வயர், நெற்றியில் குங்குமம் மாதிரி பளிச்சென்று தெரியும். டப்பாவில் பழுப்பு வயரும் கிடந்தது.

"அண்ணே, அந்தப் பழுப்புக் கலரைப் போடுங்களேன். பலகையோட பலகையா இருந்துடும்" என்றேன்.

"ஒட்டு தெரியணும் தங்கச்சி. அடுத்து தொறக்கிறவன் இது பழைய கோடுன்னு நம்பிகினு கை வெச்சிடுவான்."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணனிடம் இவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "யாரு தொறக்கப் போறா? சாவி எங்கிட்ட இருக்கு. மறைச்சே போடுங்கண்ணே. தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? மொண்டிக் கைக்கு எதுக்கு இந்த வேலைன்னுதானே?"

அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். அண்ணன் அயர்னை மெதுவாகக் கீழே வைத்தார். சிவப்பு வயர் கையிலேயே இருந்தது.

"யாரு கை வைக்கப் போறாங்கன்னுதான் தம்பி நானும் அன்னைக்கு நெனச்சேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ இவரைத் திட்டும்போதெல்லாம் அந்தச் செவுத்துக்குப் பின்னால நான் உக்காந்துகினு இருக்கேன். கார்டு கழட்டியிருக்குன்னு நான் சொல்லவே இல்லம்மா. எம் பொண்ணுக்கு ஜுரம், ஃபிட்ஸ் வந்துடுச்சுன்னு ஆள் வந்து சொன்னாங்க. எல்லாம் நார்மல்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடிட்டேன்."

"சொன்னீங்கண்ணே" என்றார் இவர்.

"சொல்லல."

"சொன்னீங்க. நான் என்குயரியிலேயே சொல்லிட்டேன், அதோட முடிஞ்சுது."

"நீ அப்படிச் சொன்னதாலதான் எனக்கு வேலை இருக்கு. ஆனா நான் சொல்லல தம்பி."

இவர் தரையில் கிடந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தார். எத்தனை வருஷமாக இந்த மனுஷனைக் காது கேளாதவன், கவனமில்லாதவன் என்று கரித்துக் கொட்டியிருக்கிறேன்! ஒரு நாளாவது, அப்படி இல்லையடி என்று சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லையே! அடுப்படிக்குப் போய், காரணமில்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தேன். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. திரும்பி வந்தபோது இவர் பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "சிவப்பே போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவப்பே போட்டார். இவர் வாங்கி வைத்திருந்த புதுக் கண்டென்சரையும் அதன் இடத்தில் உட்கார வைத்தார். வயர்களை இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாக விட்டார், அடுத்தவன் எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டுமென்று. கடைசி முனையை மட்டும் ஒட்டாமல் அயர்னை இவரிடம் நீட்டினார். இவர் இடது கையால் வாங்கினார். விரல் இல்லாத கையால் வயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். கொஞ்சம் குண்டாக, பருப்பு உருண்டை மாதிரி வந்தது. அண்ணன் அதை நகத்தால் தட்டிப் பார்த்து, கெட்டி என்றார்.

அப்புறம் ஒரு டார்ச் பல்பையும் பேட்டரியையும் வைத்து, ஒட்டின இடம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். பல்பு எரிந்தால் கோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாம் எரிந்தது. நேரே கரண்ட் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகக் கொடுத்தார். உள்ளே எங்காவது தப்பாக ஒட்டியிருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்குமாம். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளீரென்று எரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுகணம் மங்கி, அணைகிற மாதிரி ஆகி நின்றது. அண்ணன் மூச்சு விட்டார். தூங்குகிறவருக்காக வால்யூமைக் குறைத்து வைத்து, மூன்று பேரும் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டோம். உறுமல் இல்லை. எங்கள் மூச்சுதான் கேட்டது.

போகும்போது வாசலில் நின்று அண்ணன் எல்லாவற்றையும் ஒப்பித்தார். எந்த ஒட்டு எங்கே, எது பழசு, எது புதுசு, எதைத் தொடக்கூடாது. கடைசியில், அந்தப் பெல்ட் விஷயம் என்று ஆரம்பித்தார். "அதான் சொன்னீங்களேண்ணே" என்று இவர் பேச்சை வெட்டிவிட்டு, "நீங்க கெளம்புங்க" என்றார். அண்ணன் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மதினி கூப்பிட்டதும் போனார்.

பொங்கல் விழாவில், பிள்ளைகள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் கப்பென்று அடைத்துப்போனது. இவர் எழுந்து போவதற்குள் பின் தெருக்காரர் திருப்புளியோடு மேடைக்கு வந்துவிட்டார். காத்துக்கொண்டிருந்திருப்பார் போல. ஆம்ப்ளிஃபயர் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். சிவப்பு வயர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. இது யார் வேலை என்று சத்தமாகக் கேட்டார். அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் இவர் வலது கையைத் தூக்கினார், பாதி விரல்களோடு, எல்லோரும் பார்க்கிற மாதிரி.

"கெடுத்தது இந்தக் கை. சரி பண்ணினது அண்ணன். அந்தக் கடைசி ஒட்டு மட்டும் என்னுது."

பின் தெருக்காரர் குனிந்து ஒவ்வொரு சிவப்பு வயராகத் தொட்டுப் பார்த்தார். இது எல்லாம் கெட்டியாக இருக்கிறது, இதில் கோளாறில்லை என்று ஒதுக்கிவிட்டு, பின்பக்கம் போனார். கோலாட்டப் பிள்ளைகள் கால் தடுக்கி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியிருந்தார்கள். அவ்வளவுதான். சொருகினார், பாட்டு வந்தது. இறங்கிப் போகும்போது, "செயலாளரே, இனிமே சாம்பார் அடுப்புல அயர்ன் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அடுப்பு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யார், நம் மதினிதான். அந்த வருஷம் முழுக்க இவரைச் சாம்பார் செயலாளர் என்று பிளாக்கே கேலி செய்தது. விரலைப் பற்றி ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. கையை மூடுகிற அந்தத் துண்டை இவரும் அதன் பிறகு வெயிலுக்கு மட்டும்தான் எடுத்தார்.

ஆனால் அண்ணன் விஷயம் முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவர் அந்தப் பெல்ட் பேச்சை எடுப்பார். "அதான் சொன்னீங்களே" என்று இவர் மூடிவிடுவார். அண்ணனை நோகடிக்கக்கூடாது என்ற எண்ணம்தான். எனக்கு மட்டும் அது உறுத்தியது. ஒரு நாள் சொல்லியே விட்டேன். "சொல்லாததைச் சொன்னதா ஆக்கிட்டீங்க. அப்புறம் அந்த மனுஷர் எப்பதான் சொல்லி முடிக்கிறது? ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம நிக்கிறார், உங்களாலதான்." இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் ரிட்டயர் ஆனார். மாலையும் கழுத்துமாகக் கம்பெனிக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒப்படைக்கவேண்டும். அது அவருக்குப் பிடித்த வேலை அல்லவா, விடுவாரா? புதிதாக வந்த சின்னஞ்சிறு தம்பதியை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். எந்தக் குழாய் திருகினால் அழும், எந்த ஜன்னல் மழையில் உப்பும், எந்தச் சுவிட்சில் கை ஈரமாக இருந்தால் சுரீரென்று இழுக்கும். அந்தப் பெண் விழித்துக்கொண்டு நின்றாள். நான்தான் காதோடு சொன்னேன், சரி நீங்க கெளம்புங்கன்னு சொல்லும்மா என்று. சொன்னாள்.

சாமான் ஏற்றிய லாரி, சேத்தியாத்தோப்புக்குப் போகத் தயாராக நின்றது. மதினி முன்சீட்டில் உட்கார்ந்து, இருட்டறதுக்குள்ள போக வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் ஏறப்போனவர், திரும்பி எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. இவர் வெளியே வந்து எதிரே நின்றார். ஷிப்ட் மாறுகிற இரண்டு பேர் மாதிரிதான் நின்றார்கள்.

அண்ணன் ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"பெல்ட்ல கார்டு கழட்டி வெச்சிருக்கு தம்பி. சேறு எடுக்கக் கழட்டினது, இன்னும் மாட்டல. உருளைப் பக்கம் கை வெச்சிடாதீங்க. பாத்துகினு போங்க."

சொன்னீங்களே என்று இவர் வாயெடுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். இவர் நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"சரிண்ணே, பாத்துக்கிறேன். இப்பதான் சொல்றீங்க. நீங்க கெளம்புங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் ஒரு நொடி நிற்கவில்லை. போய் லாரியில் ஏறிக்கொண்டார்.